நாலின் சராசரி

எனக்கு கிராஃபைவிட அட்டவணைதான் பிடிக்கும், சார். கிராஃப் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான்.

எங்கள் தொழிற்சாலையில் ரசாயனத் தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்போம். நாலு சென்சார்கள் அனுப்பும் அளவு என் கணினிக்கு வரும். புரோகிராம் எழுதும் திரையிலேயே அந்த அளவின் பெயரைத் தட்டினால் விவரம் விரியும். ஒரு பொத்தானைத் தொட்டால் நாலு சென்சாருக்கும் தனித்தனி எண்கள், அட்டவணையாக. இன்னொன்றைத் தொட்டால் நாலின் சராசரி, ஒரே கோடாக. அளவு அதேதான், பார்க்கிற விதம்தான் வேறு.

தங்கையை வளர்த்தவன் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் சின்னப் பிள்ளை. தலை பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்டேன். மாப்பிள்ளை எங்கள் தொழிற்சாலையிலேயே தொட்டி சுத்தம் செய்யும் பிரிவில் இருந்தார். தங்கமான மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. வெளிநாட்டில் வேலை கிடைத்திருப்பதாக இருவரும் வந்து சொன்னார்கள்.

"வருஷத்துக்கு ஒரு தடவ வந்துருவோம்ண்ணே," என்றாள் தங்கை, சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன்.

அவர்கள் கிளம்பச் சில நாள் இருந்தபோது, அன்று காலை அட்டவணையில் மூன்று எண்கள் ஒழுங்காக இருந்தன. தொட்டியின் அடியில் இருந்த சென்சாரின் எண் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. அந்தக் காற்றில் மனிதன் நிற்க முடியாது. பாதுகாப்பு அதிகாரி வரும் பூட்ஸ் சத்தம் கேட்டது. கிராஃபுக்கு மாற்றினேன். கோட்டில் லேசான சரிவு. தெரியாதவர் கண்ணுக்கு நேர்கோடு.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் அவர்.

"ஆமா சார்."

அவர் போனதும் மாப்பிள்ளை போனில் கூப்பிட்டார். "மச்சான், எறங்கட்டுமா?"

"எறங்குங்க மாப்ள."

"சாயங்காலம் வீட்டுப்பக்கம் வாங்க. பெட்டி கட்ட முடியாம உங்க தங்கச்சி ஒத்தையா அல்லாடுறா."

வருகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு மறுபடி அட்டவணைக்கு மாறினேன். எண் இன்னும் இறங்கியிருந்தது. ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும். நான் திறக்கவில்லை.

சாயங்காலம் போனேன். பாதி கட்டியிருந்த பெட்டிகளை நானே பிரித்து, அவளுடைய துணிகளை மட்டும் என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அவளையும்தான். இப்போது சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறாள். நாளாக நாளாகச் சரியாகிவிடும்.

ஆமாம், தெரிந்தேதான் அவரை இறங்கச் சொன்னேன். வாக்குமூலத்தில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், சார். வீட்டில் தனியாக இருக்கிறாள். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?