கெயின் திருகு

— ஆம்ப்ளிஃபயர்ல அந்தக் கெயின் திருகத் தொடாதீங்கன்னு சொல்லித்தானே அனுப்புனேன் மாமா. இதத் தாண்டக் கூடாதுன்னு நெயில் பாலிஷ்ல கோடு வேற போட்டுக் குடுத்தேன்.

— என் வண்டிடா பிரவீனு. என் வண்டியில நான் எத வேணா திருப்புவேன். நீ மாட்டுனது டூப்ளிகேட் ஊஃபர் ஸ்பீக்கரு, அதுக்கு பதில் சொல்லு. விழுப்புரத்துல கெளம்புனது, திண்டிவனம் வர்றதுக்குள்ள பொகைஞ்சு பூடுச்சு. திண்டிவனத்துல கட போட்டுட்டா இந்த ஜெகதீசனுக்கே காது குத்துவியா?

— டூப்ளிகேட் இல்ல. டிக்கிக்குள்ள தலைய வுட்டு மோந்து பாருங்க. காயில் வெந்து நாறுது. கெயினு கடைசி முட்டுல நிக்குது.

— சவுண்டு பத்தல, ஏத்துனேன். அதுக்கு இன்னா இப்போ?

— சவுண்டு ஏத்தறதுக்கு டேஷ்போர்டு செட்டுல வால்யூம் இருக்குது. இது அது இல்ல. செட்டுலேர்ந்து வர்ற சிக்னலுக்கு ஆம்ப்ளிஃபயர ஒத்து வெக்கிற திருகு. செட்ட முக்காவாசி வெச்சுக்கினு இதக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். பாட்டு எங்க ஒடையுதோ, அங்கேர்ந்து லேசா எறக்கி வுட்டுடணும். அதுக்கு மேல திருப்புனா வர்றது பாட்டு இல்ல, வெறும் கொரகொரப்பு. அதுதான் ஸ்பீக்கர வேக வெக்குது.

— பாடம் நடத்தாத. ஜல்தியா வேற ஊஃபர மாட்டு. பொழுது சாயறதுக்குள்ள நாங்க விழுப்புரம் போணும்.

— நாங்கன்னா? அக்கா வருமா வராதான்னு அக்கா சொல்லட்டும். போன தடவ பேசறப்ப இன்னா முடிவாச்சு? இன்னொரு வாட்டி கண்ணக் கசக்கிக்கினு வந்தா எங்க பொண்ணு எங்க வூட்லயே இருக்கும்னு அப்பா சொன்னாரா இல்லியா?

— யாருடா கண்ணக் கசக்குனா? பின் சீட்டுல ஏ.சி. போட்டு வுட்டுருக்கேன், மகாராணி படுத்துக்கினு தூங்கறா.

— உள்ள ஒண்ணும் தெரியாம கண்ணாடி பூரா கறுப்பு ஸ்டிக்கர ஒட்டி வெச்சுக்கினு, தூங்கறாளாம். எழுப்புங்க, நான் கேக்கறேன்.

— எழுப்புனா திரும்ப ஆரம்பிப்பா, பேஜாரு. விக்கிரவாண்டி வரைக்கும் அதே பொலம்பல். உங்கம்மா என்னப் பாத்து அப்பிடிச் சொன்னாங்க, நீ ஏன் கேக்கலன்னு. மனுசன் வண்டி ஓட்டறதா, அதக் கேட்டுக்கினு கெடக்கறதா?

— அதனால?

— அதனால ஓரங்கட்டுனேன். டிக்கியத் தொறந்தேன். ஒரே திருப்பு. அப்பறம்தான் நிம்மதி.

— அவ வாய அடைக்கத்தான் கெயின ஏத்துனீங்களா?

— ஆமாண்டா. இன்னா பண்ணுவ? அதுக்கப்பறம் ஒரு வார்த்த வந்துச்சா? கூட்டேரிப்பட்டுல டீ குடிக்க நிறுத்துனப்பகூட மூஞ்சத் தூக்கிக்கினுதான் ஒக்காந்திருந்தா. இப்படி வெச்சாத்தான் அவ சரிப்படுவா. உங்கப்பன் பஞ்சாயத்தெல்லாம் எங்கிட்ட எடுபடாது. அவ என்கூடத்தான் வருவா.

— எங்கப்பனா? மாமான்னு பாக்கறேன். இன்னொரு வார்த்த பேசுனா வண்டி கண்ணாடி இருக்காது. நில்லுங்க, போன் அடிக்குது. அலோ... சொல்லுக்கா... எந்த பஸ்சு?... அழுவாத. நேரா அம்மாகிட்ட போ. நான் பாத்துக்கறேன், வெச்சுடு.

— யாருடா அது? உனக்கு எத்தினி அக்கா?

— ஒருத்திதான்.

— இங்க படுத்துக்கினு எதுக்கு உனக்கு போன் பண்றா?

— கதவத் தொறந்து பாருங்க மாமா.

— கலை... ஏய், கலைப்பிரியா. எங்கடா இவ? எப்ப எறங்குனா? கட்டுன புருசன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடத் தோணலயா அவளுக்கு?

— சொல்லிட்டுத்தான் எறங்குனாளாம். கூட்டேரிப்பட்டுல டீயக் குடிச்சிட்டு வந்து நீங்க பாட்டப் போட்டதும், இனிமே உங்ககூட வாழ மாட்டேன், எங்கம்மா வூட்டுக்குப் போறேன்னு காதுகிட்ட வந்து கத்திச் சொன்னாளாம். நீங்க நல்லா தலையாட்டுனீங்களாம்.