கீழறையில் தண்ணீர்

"ஹலோ... ஹலோ! அக்கா, சத்தமா சொல்லு... தண்ணியா? கீழ் அறையிலயா?... குழாய் வெடிச்சிடுச்சா?... சரி, சரி... எவ்வளவு நிக்குது?"

ஏலக்கூடத்தின் தாழ்வாரத்துக்கு ஓடி வந்திருந்தான் தம்பி. அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பழைய ஓவியக் கண்காட்சிகளின் கேட்லாக்குகள், அழைப்பிதழ்கள் என்றால் பசி மறந்துவிடும். சேர்த்ததெல்லாம் வீட்டின் கீழறையில் இருந்தது. வீட்டில் அக்கா மட்டும்தான்.

"படிகிட்ட கணுக்கால் அளவா?... அலமாரிப் பக்கம் மேடுதானே, இன்னும் காஞ்சிருக்கா?... அப்ப சீக்கிரம் போ... இல்ல, அந்தத் தடிப் புத்தகத்தையெல்லாம் விடு... ஆமா, விலை ஜாஸ்திதான், ஆனா அது வேற எங்கயாவது கிடைக்கும்க்கா. அடித்தட்டுல செருப்புப் பெட்டி ஒண்ணு... அதேதான்! அழைப்பிதழ் எல்லாம் அதுலதான்... ஆமா, பாத்துட்டுத் தூக்கிப் போடுற அட்டைதான். எல்லாரும் தூக்கிப் போட்டதாலதான் எங்கிட்ட மட்டும் இருக்கு! சில கண்காட்சி நடந்துச்சுங்கறதுக்கே வேற அத்தாட்சி கிடையாது... திட்டு, அப்புறம் திட்டு. எடுத்தியா?"

கூடத்திலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். அவன் தவம் கிடந்த கேட்லாக் ஏலத்துக்கு வந்துவிட்டதாகச் சைகை காட்டினார். அவன் கையை உதறினான். அந்த நொடியில்தான் சுருக்கென்றது. ஈரம் உறிஞ்சும் மெஷின்! காகிதம் பூசணம் பிடிக்காமலிருக்க காலையில் அவனே ஓடவிட்டு வந்திருந்தான்.

"அக்கா, நில்லு... அலமாரிக்குப் பின்னால வெள்ளையா ஒரு மெஷின், ஓடுதா?... ஐயோ, அதோட ப்ளக்கு தரைய ஒட்டி இருக்கு... தொடாத! தொடாதேங்கறேன்ல! தண்ணி அங்க வர்றதுக்குள்ள மேல வா... பெட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்... மொத்தமும் போகட்டும், நீ படியேறு!... என்ன ஒரு நிமிஷம்? அக்கா?... அக்கா!"

போனில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் வந்தது. அக்கா மூட்டு வலிக்காரி. சாதாரண நாளிலேயே அந்தப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள். அவளைப் போய் விரட்டி இறக்கியிருந்தான்.

"அக்கா, பேசேன்... ஆங்! ஆங், இருக்கேன், இருக்கேன்... மேல வந்துட்டியா?... மெயினை அணைச்சிட்டியா? நீயாவா?... ஆமாக்கா, எனக்குத் தோணல. தோணியிருக்கணும்... பெட்டிய எடுக்க இருட்டுல திரும்ப இறங்கினியா! உன்னை யாரு... சரி, கத்தல. கத்தலக்கா... மூட்டு எப்படி இருக்கு?... பொய் சொல்லாத."

சுவரில் சாய்ந்துகொண்டான்.

"பெட்டியா?... நனைஞ்சிருக்கா?... பிரிக்காத, இழுத்தா மை உரிஞ்சு வந்துடும். அப்படியே ஒரு பையில போட்டு ஃப்ரீசர்ல வச்சிடு... விளையாடலக்கா, உறைஞ்சா கெடாது... கரண்ட் இல்லைன்னாலும் குளிர் கொஞ்ச நேரம் நிக்கும்... கரண்டைத் திரும்பப் போடாத! மெயின் பக்கமே போகாத!... என்னக்கா, பல்லு தந்தியடிக்குது? இன்னும் ஈரத் துணியோடவா நிக்கிற?... அதைக் கீழ வை. வைன்னா வை. அட்டை எக்கேடு கெட்டா என்ன, முதல்ல துணிய மாத்து... இதோ, கிளம்பிட்டேன்... ஏலமா? அது முடிஞ்சு போச்சுக்கா. வேற யாரோ எடுத்துட்டாங்க... இல்ல, வருத்தமெல்லாம் இல்ல... நான் எங்க அழறேன்? படியிறங்குறேன், மூச்சு வாங்குது... நீதான் அழற... சரி, நீயும் அழல. போர்வைய எடுத்துப் போத்திக்க, நான் வர்ற வரைக்கும்... ஹலோ? ஹலோ?"

இணைப்பு அறுந்துவிட்டது. அவன் தெருவில் இறங்கி ஓடினான்.