தூசி படாத அறை

டீ கிளாஸை அப்படியே மேசை மேல் வைக்காதீர்கள் மேடம். பாலிஷ் போட்ட மரம். சூடு பட்டால் வெள்ளையாக வட்டம் விழும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அடியில் அந்தப் பழைய செய்தித்தாளையாவது மடித்து வையுங்கள். விசாரணைக்கு வந்த இடத்தில் இவளுக்கு இது தேவையா என்று நினைக்க வேண்டாம். இத்தனை வருடம் கிளாஸுக்கு அடியில் வைக்கிற கோஸ்டர் செய்தவளுக்குக் கண் அங்கேதான் போகும்.

என் தங்கையைப் பற்றிக் கேட்டீர்கள். அவளைப் பற்றிச் சொல்வதானால் எங்கள் வேலையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அம்மா அப்பா போன பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது அது ஒன்றுதான். முன்னறையில் நீளமாக ஒரு மேசை. ஜன்னல் பக்கம் அவள், சுவர்ப் பக்கம் நான். தச்சுப் பட்டறையிலிருந்து வட்டமாக வெட்டிய பலகைத் துண்டுகள் வரும். நான் அவற்றைத் தூசி பறக்காமல் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, விளிம்பை மழுக்கி, வெள்ளை பூசி, காய்ந்ததும் இன்னொரு தரம் தேய்த்து அவள் பக்கம் தள்ளுவேன். அவள் மாதுளம்பூ, மீன், மழையில் நனைகிற பூனை என்று மனதில் தோன்றியதை வரைவாள். வரைந்து முடித்ததும் என்னிடம் திரும்பி வரும். வார்னிஷ் அடிப்பது, அடியில் கார்க் ஒட்டுவது, துடைத்துக் காகிதம் சுற்றுவது எல்லாம் நான். முதலும் முடிவும் என் கையில்தான் இருந்தன, நடுவில் கொஞ்ச நேரம் மட்டும் அவளிடம் இருக்கும்.

வாங்குகிறவர்களுக்கு அந்த நடு மட்டும்தான் கண்ணில் படும். பரிசுப்பொருள் கடைக்காரம்மா வந்தால் தங்கையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். என்னைப் பார்த்து, "என்ன வார்னிஷ் அக்கா, சௌக்கியமா?" என்பார். நானும் சிரித்து வைப்பேன். சிரிக்காவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பார்கள். என் வார்னிஷ் இல்லாவிட்டால் சூடான கப்பின் அடியில் பாதிப் பூனை ஒட்டிக்கொண்டு போய்விடும். இதை நான் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை.

வார்னிஷுக்குத் தூசி ஆகாது. மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும், அன்றைக்கு அந்தப் பக்கம் யாரும் துடைப்பத்தை எடுக்கக் கூடாது. ஒரு துகள் விழுந்தாலும் காய்ந்ததும் பரு மாதிரி நிற்கும். அதேபோல் ஒரு பூச்சை ஆரம்பித்தால் ஈரம் போவதற்குள் முடித்துவிட வேண்டும். பாதியில் எழுந்து போனால் விட்ட இடத்தில் கோடு விழும். அப்புறம் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டியதுதான்.

தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. அவள் அறையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டது நான். திரைச்சீலை கிடையாது, கம்பளம் கிடையாது. தினமும் ஈரத்துணியால் தரை, கட்டில் கால், கதவின் மேல்விளிம்பு வரைக்கும் துடைப்பேன். டாக்டரம்மா ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது அலமாரி மேல் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க கிளினிக்கே இவ்ளோ சுத்தமா இல்லைம்மா" என்றார். "தூசி, புகை, பெயிண்ட் நெடி, மூணும் இவங்க பக்கத்துல வரக் கூடாது" என்றும் சொன்னார். தூசி விஷயத்தில் என்னை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

நெடிக்காகத்தான் நான் பின்பக்கத்து ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து வார்னிஷ் அடித்தேன். தலை கிறுகிறுக்கும், கண் எரியும். அங்கே கூரையிலிருந்து பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும், எவ்வளவு மூடி வைத்தாலும் ஒவ்வொரு செட்டிலும் ஒன்றிரண்டு பரு வந்துவிடும். தங்கை விரலால் தடவிப் பார்த்து, "அக்கா, இதுலயும் இருக்கு பாரு" என்பாள். அவளுக்காகத்தான் அந்தப் புழுதியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

அவள் கோஸ்டர்களின் ஓரத்தில் தன் பெயரைப் பொடி எழுத்தில் எழுத ஆரம்பித்தாள். என் பெயரையும் பின்னால் எங்காவது எழுதேன் என்று ஒரு தடவை கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "வார்னிஷுக்கெல்லாம் யாராவது பேர் போடுவாங்களா அக்கா?" கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தெரியும். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் கடைக்காரம்மா தன் கடைக்குப் பின்னால் இருக்கும் பெரிய அறையைத் தங்கைக்குத் தருவதாகச் சொன்னார். அவள் குதித்துக்கொண்டு வந்து என்னிடம் சொன்னாள். "அங்க தண்ணில கரைக்கிற வார்னிஷ்தான்க்கா, நெடியே இல்ல. அடிக்கவும் அங்கயே ஆள் இருக்காங்க. நீ கஷ்டப்பட்டது போதும். இனிமே ரெஸ்ட் எடு." சொல்லிவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள்.

கறிவேப்பிலை மாதிரி என்னை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, அதையும் எனக்குச் செய்கிற உபகாரமாகச் சொல்கிறாள். அவள் போய்விட்டால் அந்த மேசையின் சுவர்ப் பக்கத்தில் உட்கார்ந்து நான் எதைத் தேய்ப்பேன்? அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போகும் நாட்களில் மட்டும்தான் அவள் முழுக்க என்னுடையவளாக இருந்தாள். கஞ்சி கொடுப்பேன், முதுகு நீவி விடுவேன், என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்குவாள்.

கடை அறையின் திறப்புக்கென்று ஒரு பெரிய செட் வரைந்தாள். எங்கள் வீட்டில் செய்கிற கடைசி செட். "இதுலயாவது பரு இல்லாம பாத்துக்கோக்கா" என்றாள். மத்தியானம் சளிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தாள். அந்த மாத்திரை போட்டால் அடித்துப் போட்டது போல் தூங்குவாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். வீட்டிலேயே தூசி இல்லாத இடம் அவள் அறை. அப்படி வைத்திருந்தது நான். வேலையை நன்றாகச் செய்ய வேண்டுமென்றால் அங்கே உலர்த்துவதுதானே முறை? ஸ்டோர் ரூமுக்குப் போகாமல் முன்னறையிலேயே அடித்து அடித்து, பலகையில் வரிசையாக வைத்து உள்ளே கொண்டுபோனேன். தரையிலும், ஜன்னல் திட்டிலும், கட்டிலுக்கு அடியிலும் வைத்தேன். ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை நிறுத்தினேன். தலைமாட்டுச் சின்ன மேசையும் தேவைப்பட்டது. அதன் மேலிருந்த தண்ணீர் பாட்டில், கண்ணாடி, செல்போன், இன்ஹேலர் எல்லாவற்றையும் எடுத்துச் சமையலறை அலமாரியில் வைத்தேன். அந்த அறைக் கதவு சரியாகப் பொருந்தாது, தானாகவே திறந்துகொள்ளும். திறந்தால் கூடத்துத் தூசி உள்ளே போகும். வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

கடைசிப் பலகைக்கு அடித்துக்கொண்டிருக்கும்போது அவள் இருமுவது கேட்டது. பிறகு கதவைத் தட்டினாள். "அக்கா, ஜன்னலு" என்றாள். குரல் விசில் மாதிரி வந்தது. ஜன்னல் கொக்கி கெட்டியானது, அதை எப்போதும் நான்தான் திறந்து விடுவேன். "கொஞ்சம் பொறுத்துக்கோ, ஈரமா இருக்கு" என்று இங்கிருந்தே சொன்னேன். கையிலிருந்தது பாதிப் பூச்சில் இருந்தது. அதை முடித்தேன். பக்கத்திலிருந்ததையும் முடித்தேன். பிரஷை தின்னரில் அலசித் துணியில் ஒற்றி வைத்தேன். அதற்குள் தட்டுவது நின்றுவிட்டது.

நீங்கள் நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். பலகையை உள்ளே கொண்டுபோனபோது, இழுப்பு வந்து நாலு நாள் படுப்பாள், கடைத் திறப்பு தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன். இன்ஹேலரை எடுத்தபோதும் அப்படித்தான். தாழ்ப்பாள் போட்டபோது அதற்கு மேலேயும் நினைத்தேன். தெரிந்துதான் போட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் என்னை ஈவு இரக்கமில்லாதவள் என்று மட்டும் எழுதாதீர்கள். வேலை தெரிந்தவர்களுக்குத்தான் இது புரியும். போன வருடம் நான் சமையலறையில் வெந்நீரைக் கையில் கொட்டிக்கொண்டு கத்தினேன். அவள் வரைந்துகொண்டிருந்தவள், பிரஷை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். கருப்புச் சாயம் கவிழ்ந்து, காயாமல் இருந்த அத்தனை கோஸ்டரும் பாழ். நாள் முழுக்க என் கையைத் தண்ணீரில் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், வேலைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு வேலையில் அவ்வளவாகச் சிரத்தை கிடையாது மேடம், அதைத்தான் சொல்ல வருகிறேன்.