ஒட்டுபால் பர்கர்

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் வணிகர் மன்றத் தலைவர் கிருஷ்ணமணி அவர்களே! நாகர்கோவிலிலிருந்து நனைந்து வந்திருக்கும் நுகர்வோர் பேரவை நண்பர்களே! முன்வரிசையில் முறுவலோடு வீற்றிருக்கும் முதியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவைக்கு வந்திருக்கும் அன்னையர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

உணவு விளம்பரப் படங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முப்பத்திரண்டு ஆண்டு வகுப்பறையில் நின்றவனுக்கு உதாரணம் இல்லாமல் பேச வராது. உதாரணமோ தொலைவில் இல்லை. நம் குலசேகரம் சந்தை முக்கிலேயே இருக்கிறது. பூங்கனியின் கடை. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்; அதோ, நடுவரிசையில் இருக்கிறார்.

முந்திரி ஆலை வேலையை விட்டுவிட்டு, தன் கைப்பக்குவத்தை மட்டும் நம்பி, தை மாதம் சிக்கன் பர்கர் கடை போட்டார் பூங்கனி. பலகை அடித்துக் கொடுத்தவர் பதாகைக் கடை பெனிஷ். கைப்பேசியில் தேடிக் கிடைத்த படத்தை ஆளுயரத்துக்கு அடித்தார். என்ன படம் அது! நாலடுக்குக் கோழி, நனைந்த தக்காளி, நழுவியும் விழாமல் நடுவழியில் நிற்கும் வெள்ளைச் சாஸ்! அதைப் பார்த்துப் பசிக்காதவர் யார்? அதைப் பார்த்து ஐயப்பட்டவர்தான் யார்?

ஒருவர் ஐயப்பட்டார். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் செல்வதாஸ். மகள் ஜினிஷாவைப் பிறந்தநாளுக்கு அழைத்து வந்து, படத்தைக் காட்டி, அதுவே வேண்டும் என்றார். வந்தது இரண்டு விரல் உயரம். மகள் பலகையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். செல்வதாஸ் எழுந்து போய்ப் பலகையை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"மக்ளே, இது சாஸ் இல்ல. சாஸுண்ணா இந்நேரம் வழிஞ்சு தரையில விழுந்திருக்கும். இது ஒட்டுபாலு."

சிரிக்கிறீர்கள். நாகர்கோவில் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: மரத்தின் வெட்டில் வழிந்து, அப்படியே உறைந்துபோன ரப்பர் பால்தான் ஒட்டுபால். அன்று கடையும் இப்படித்தான் சிரித்தது. பூங்கனி மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் முதல், "ஒட்டுபால் பர்கர் உண்டா அக்கா?" என்று கேட்டவர்கள் கேட்டபடியே கடையைக் கடந்து நடந்தார்கள். ஒரு வாரத்தில் நாற்காலிகள் காலி. விட்டுவந்த ஆலை வேலையில் வேறு ஆள் வந்தாயிற்று.

அவர் இறைச்சியில் கலப்படம் உண்டா? எண்ணெயில் ஏமாற்று உண்டா? இல்லையே! பொய் சொன்னது படம். பழி சுமந்தது பண்டம். விளம்பரப் படம் எடுக்கும்போது பாலுக்குப் பதில் பசை ஊற்றுவதுண்டு என்று நான் படித்திருக்கிறேன். செல்வதாஸுக்கு அதை வெட்டுக்கத்தியே கற்றுக்கொடுத்திருக்கிறது.

பூங்கனி பலகையை இறக்கினார். தன் கையால் செய்த பர்கர் ஒன்றைத் தட்டில் வைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுக்கச் சொன்னார். பெனிஷுக்கு மனம் வரவில்லை.

"அக்கா, இத வச்சா ஒருத்தனும் கடைக்குள்ள கேறமாட்டான்."

"கேறுதவன் படத்தத் திரும்பிப் பாக்காம தின்னாப் போரும்."

பர்கரை அதன் அசல் அளவிலேயே காட்டும் புதிய பலகை ஏறியது. செல்வதாஸ் மகளோடு மறுபடி வந்தார். படத்தில் விரல் வைத்தார், தட்டில் விரல் வைத்தார். அங்கும் இரண்டு, இங்கும் இரண்டு. உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதன்பின் கூட்டம் குவிந்தது என்று சொன்னால் நானும் ஒரு விளம்பரம் ஆகிவிடுவேன். கடை நடக்கிறது. ஒட்டுபால் கேட்க ஆளில்லை.

இன்றைய தீர்மானமும் அவ்வளவே: அவரவர் கடையில் அவரவர் பண்டத்தின் படம்.

கடினம் என்கிறீர்களா? அறிவேன். வாசலில் இக்கூட்டத்தின் பதாகையில், கறுத்த மீசையும் கற்றை முடியுமாக ஒருவர் சிரிக்கிறாரே, அது நான்தான். இருபத்தைந்து ஆண்டுக்கு முந்திய நான். உள்ளே வரும்போது ஒரு தங்கை என்னிடமே, "சாரு எப்ப வருவாரு?" என்று கேட்டார். பதாகையைப் பார்த்தேன், மகிழ்ந்தேன், வாய் திறக்காமல் உள்ளே வந்தேன். அந்த மகிழ்ச்சியில்தான் நாலடுக்குக் கோழியும் பிறக்கிறது.

அந்தப் பதாகையை அடித்தவரும் பெனிஷ்தான். மக்கா, படம் கொடுத்தது நான், உன்மேல் குற்றமில்லை. நான் மேடையிலிருந்து இறங்குவதற்குள் அதை இறக்கிவிடு.

இந்த வழுக்கைத் தலையைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.