கறுப்பு வலை ஓடிய கல்

— கதவை ஏன் சாத்துறீங்கண்ணே?

— தெருத்தூசி வருதும்மா. மெருகு போடுற கல்லுல விழுந்தா கீறிடும். ஆமா... இந்தக் கல்லு யாருதுன்னு சொன்னீங்க?

— சொன்னேனே, மாமியார் பெட்டியில இருந்துச்சுன்னு. அவங்க போய்ச் சேர்ந்தே ரெண்டு வருஷமாச்சு.

— மாமியார் மேல ரொம்பப் பாசமோ? கைக்குட்டையில நாலு முடிச்சுப் போட்டுக் கொண்டாந்திருக்கீங்க.

— தொலைஞ்சிடக் கூடாதில்ல... அசல் டர்க்காய்ஸ்... அந்த வான நீலக் கல்லுதானா? சாயம் ஏத்தினதா?

— இருங்க. நகப்பூச்சு அழிக்கிற தண்ணியைப் பஞ்சுல தொட்டுத் தேய்க்கிறேன். நீலம் ஒட்டுதா?

— இல்ல.

— சாயம்னா இந்நேரம் பஞ்சுல பல்லிளிச்சிருக்கும். இப்ப அந்தக் கறுப்புக் கோட்டு மேல நகத்தை ஓட்டுங்க.

— லேசா... பள்ளமா தட்டுது.

— வரைஞ்ச கோடுன்னா வழுக்கிட்டுப் போயிடும். அசல்தாம்மா. கிளம்புங்க.

— எந்தச் சுரங்கத்துக் கல்லுன்னும் பார்த்தவுடனே சொல்லிடுவீங்களாமே?

— யாரு சொன்னா?

— வெளியில... பேசிக்கிட்டாங்க.

— வெளியிலன்னா? சுரங்கக் கம்பெனி ஆளுங்களா?

— ஐயோ, எதிர்த் தையல்கடை அக்கா சொன்னாங்கண்ணே!

— ம்... அதுக்கு வாய் ஒண்ணுதான் ஓயாது. சரி, இந்தத் தட்டைப் பாருங்க. இது கிழக்குச் சுரங்கம். பச்சை அடிக்குதா? இரும்பு கலந்த மண்ணு. காவித் திட்டு வேற இருக்கும்.

— இது?

— ஆத்தோரச் சுரங்கம். மருந்துக்குக்கூட ஒரு கோடு கிடையாது, மொத்தமும் வெளிர் நீலம். ஆனா கெட்டி இல்ல, மெத்து. நாக்குல வெச்சா ஒட்டிக்கும். அந்தப் பக்கம் இருக்கிறது மலைச் சுரங்கத்துக் கல்லு. ஆழமான நீலம், அது மேல சிலந்தி கட்டின மாதிரி கறுப்பு வலை... நாப்பது வருஷமா இதே வேலைதான் பார்க்கிறேன். இதை எடுத்தா மட்டும் கீழ வைக்க மனசு வராது.

— அப்ப என் கல்லும் மலைச் சுரங்கம்.

— நான் அப்படிச் சொல்லலையே.

— எனக்கும் கண்ணு இருக்கில்ல? கிழக்குச் சுரங்கம் இல்ல. அதானே?

— கிழக்கையே ஏன் பிடிச்சுத் தொங்குறீங்க?

— சும்மா கேட்டேன்.

— சும்மா கேக்குறவங்க நாலு முடிச்சுப் போட்டுக் கொண்டாற மாட்டாங்கம்மா. மாமியார் கதை என்கிட்ட வேணாம். கல்லை உடைச்ச பக்கம் பளிச்சுன்னு இருக்கு. உள்ஈரம் காஞ்சிருந்தா நிறம் வெளுத்திருக்கும். மலையை விட்டு இறங்கி ஒரு மாசம்கூட ஆகலை. எங்க எடுத்தீங்க?

— மலைச் சுரங்கத்தை மூடிப் பன்னெண்டு வருஷமாச்சுன்னு ஊரே சொல்லுது. போன மாசம் எப்படிண்ணே கல்லு இறங்கும்?

— உங்களை அனுப்பினது யாரு?

— யாரும் அனுப்பல.

— எனக்கு என்ன தெரியும்னு ஆழம் பார்க்க வந்திருக்கீங்க. கல்லை எடுத்துக்கிட்டுப் போங்கம்மா... போங்கன்னா!

— இது என் வீட்டுக்காரர் சட்டைப்பையில இருந்துச்சு. கம்பெனிக்காரங்க அவரு உடம்பைக் கொண்டாந்து போட்டுட்டு, துணியைத் தனியா ஒரு பையில குடுத்தாங்க. குடிச்சிட்டுக் கிழக்குச் சுரங்கத்துப் படியில விழுந்துட்டாராம். அவரு குடிக்கவே மாட்டாருண்ணே... இன்னியோட இருபத்திரண்டு நாளு.

— உக்காருங்கம்மா. கொஞ்சம் தண்ணி...

— வேணாம். மூடின சுரங்கத்துக்குள்ள ஆளை இறக்குறாங்க. இவரும் அங்கதான் போயிருக்காரு. அப்படித்தானே?

— தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க? போனவரு...

— திரும்ப மாட்டாரு. அது எனக்கும் தெரியும். இப்ப என் தம்பியைக் கூப்பிட்டிருக்காங்க. அவரு இடத்துல வேலையாம். பெரிய மனசு பண்ணித் தர்றாங்களாம். திங்கக்கிழமை சேரணும். போகாதேடான்னா, அக்காவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு சிரிக்கிறான்.

— எத்தனை வயசு?

— இருபத்தாறு. போன மாசம்தான் பொண்ணு பிறந்திருக்கு... அண்ணே, இந்தக் கல்லு மலைச் சுரங்கத்துதுன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சுரங்க விபத்தை விசாரிக்கிற ஆபீஸ்ல குடுத்துட்டு, தம்பி மூஞ்சியிலயும் காட்டிடுறேன்.

— நிறத்தை வெச்சுச் சொன்னா அங்க எடுபடாதும்மா. பழைய கல்லு, எவனோ வித்தது, இவரு வாங்கிப் பையில போட்டுக்கிட்டாருன்னு முடிச்சிடுவாங்க.

— ஒரு மாசம் ஆகலைன்னு நீங்கதானே இப்ப...

— வாய் தவறிச் சொல்லிட்டேன்.

— பயமா இருக்கா?

— பயம்தான்... போதுமா?

— போதும். கதவைத் திறங்க. அடுத்த தெருப் பட்டறையில கேட்டுக்கிறேன்.

— அடுத்த தெருவுலயும் யாரும் சொல்ல மாட்டாங்க.

— ஏன்? ஊர்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல கண்ணு அவிஞ்சு போச்சா? தள்ளுங்கண்ணே.

— தாள் அந்த மேசை மேல இருக்கு. எடுங்க.

— எழுதித் தர்றீங்களா?

— நீங்க எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன். கல்லைப் பத்தி எழுதாதீங்க, அது நிக்காது. என்னைப் பத்தி எழுதுங்க. மூடியிருக்கிற அந்தச் சுரங்கத்துக் கல்லை வாராவாரம் மூட்டையா வாங்கி, மெருகு போட்டு விக்கிறவன் நான்தான். இருபத்திரண்டு நாளைக்கு முன்னாடி ஒரு மூட்டை ரெண்டு மணி நேரம் தாமதமா வந்துச்சு. கொண்டாந்தவனை ஏன்டா லேட்டுன்னேன்... சுரங்கத்துக்குள்ள ஒருத்தன் விழுந்துட்டான்னான். யாருன்னு நான் கேக்கலம்மா. மூட்டையை வாங்கிக்கிட்டேன்.