வாசித்தது ஸ்டானிஸ்லாஸ்

தலைமை தாங்கும் தம்பி ஜெயபாலன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த ஐயாவின் துணைவியார் வினிஃப்ரெட் அம்மையார் அவர்களே, வெள்ளம் வடிந்து நான்கு நாள்கூட ஆகாத சிகாமட் சாலையில் லாரி ஏறி வந்திருக்கும் தோட்டத்துத் தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தக் காளியப்பனின் வணக்கம்.

நம் சட்டமன்ற உறுப்பினர், தோட்டத்து மக்களின் குரல், ஐயா ஸ்டானிஸ்லாஸ் அவர்கள் சென்ற வியாழக்கிழமை நம்மை விட்டுப் போய்விட்டார்கள். அவரைப் பற்றிப் பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கூடவே ஒரு புத்திமதியும் கொடுத்திருக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தலைவர் ஜெயபாலன் என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "அண்ணே, ஜப்பான்காலத்த மட்டும் தொடாதீங்க லா. அடுத்த மாசம் இடைத்தேர்தல். எதிர்க்கட்சிக்காரன் அதைப் பிடிச்சுக்குவான். பள்ளிக்கூடம், பாலம், தண்ணிக்குழாய், அதெல்லாம் பேசுங்க."

நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மேடையேறிப் பார்த்தால் எதிரே கருப்பாயி அண்ணி உட்கார்ந்திருக்கிறார். இனி என்னால் பாலத்தைப் பற்றிப் பேச முடியாது. தலைவர் மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் சரி, நான் ஜப்பான் காலத்தைத்தான் பேசப்போகிறேன்.

எந்த ஸ்டானிஸ்லாஸுக்கு இரங்கல் கூட்டம் போட்டிருக்கிறோம்? தன் வாழ்க்கையில் எந்தப் பக்கத்தையும் மறைக்காத ஒரு மனிதருக்கா, நமக்கு வசதியான பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துச் சட்டம் போட்டு மாட்டிய ஒரு படத்துக்கா?

ஜப்பான் சண்டைக்கு முன்னால் அவர் யோங் பெங் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஜெபம் சொல்வதும் அவர்தான். அந்தக் குரலைக் கேட்க எங்களைப் போன்ற மாரியம்மன் கோயில்காரர்களும் வெளியே நிற்பதுண்டு. ஜப்பான்காரன் வந்து நாட்டைப் பிடித்தான். பள்ளிக்கூடம் மூடியது. ரப்பர் மரத்தில் பால் எடுத்த நாங்கள் மரவள்ளிக்கிழங்கு நட்டோம். வாத்தியாருக்குக் கிழங்கு நடவும் தெரியவில்லை. சிங்கப்பூரில் ஜப்பான்காரர்கள் நடத்திய தமிழ் ஒலிபரப்புக்குச் செய்தி வாசிக்க ஆள் தேடினார்கள். போனார். வீட்டில் அரிசி இல்லை, அதனால் போனார். அவர் இதற்கு மேல் ஒரு காரணமும் சொன்னதில்லை, நானும் சொல்லப்போவதில்லை.

சிகாமட் ரயில் நிலையத்தில் ஒரு தூணில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு அதன் கீழே கூட்டம் நிற்கும். மற்ற வாசிப்பாளர்கள் செய்தியை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் மட்டும் கடைசியில் தன் பெயரைச் சொல்லுவார்: "வாசித்தது ஸ்டானிஸ்லாஸ்." கேட்டால், கடிதம் எழுதினால் கையெழுத்துப் போடுகிறோமே, அதுபோலத்தான் என்பார். செவ்வாய்க்கிழமை உப்பு வரும் என்று இவர் வாசித்தால் செவ்வாய்க்கிழமை உப்பு வந்தது. அதனால் அந்தப் பெயர் வந்தால் விஷயம் மெய் என்று தோட்டம் தோட்டமாக ஒரு நம்பிக்கை ஏற்பட்டுவிட்டது.

நாற்பத்து மூன்றாம் வருஷம், அதே தூணில், அதே குரலில் ஓர் அறிவிப்பு வந்தது. சயாமில் ரயில் பாதை வேலை. மூன்றே மாதம். அரிசி, துணி, மருந்து, எல்லாம் உண்டு. வாசித்தது ஸ்டானிஸ்லாஸ்.

நானும் என் அண்ணன் ஐயாசாமியும் அண்ணியும் தூணுக்குக் கீழேதான் நின்றோம். அண்ணி சொன்னார்: "வேணாங்க. கிழங்கு தின்னாலும் இங்கயே கெடப்போம்." அண்ணன் சொன்னார்: "வேற யாரு சொல்லியிருந்தாலும் நான் நம்ப மாட்டேன் புள்ள. நம்ம ஸ்டானிஸ்லாஸ் சார் சொல்றாரு." எங்கள் தோட்டத்திலிருந்து முப்பத்தேழு பேர் அந்த ரயிலில் ஏறினார்கள். காய்ச்சலில் கிடந்ததால் நான் ஏறவில்லை. அதனால்தான் இன்று உங்கள் முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று மாதம் போயிற்று. ஐந்து மாதமும் போயிற்று. ஒருவரும் வரவில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம், எங்கள் தோட்டத்து வேலு, காலெல்லாம் புண்ணாகி, சிங்கப்பூரில் ஸ்டானிஸ்லாஸ் வீட்டு வாசலில் போய் நின்றான். முகாமிலிருந்து தப்பி, சரக்கு வண்டியில் ஒளிந்து, தோட்டத்துக்குக்கூடப் போகாமல் நேரே அவரைத் தேடிப் போயிருக்கிறான். வேலுவே என்னிடம் சொன்னது இது. "சார், நீங்க சொன்னதக் கேட்டுத்தான் போனோம்" என்றானாம். "எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்டிருக்கிறார். "எங்க முகாம்ல நான் இருக்கேன் சார்" என்றானாம். ஐயாசாமியை வேறு முகாமுக்குக் கொண்டுபோனார்கள், அதற்குப் பிறகு வேலு பார்க்கவில்லை.

அடுத்த வாரமே அதே அறிவிப்பு மறுபடி அவர் கைக்கு வந்தது. அவருக்கு என்ன வழி இருந்தது? உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். இன்னொருவர் வாசித்திருப்பார், இவர் கை சுத்தமாக இருந்திருக்கும். அவர் மைக் முன்னால் உட்கார்ந்தார். நான் சிகாமட் தூணுக்குக் கீழே நின்று என் இரு காதாலும் கேட்டேன். "சயாமுக்குப் போகாதீர்கள். போனவர்கள் சாகிறார்கள். சென்ற முறை நான் வாசித்தது பொய். வாசித்தது ஸ்டானிஸ்லாஸ்." அதோடு ஒலிபெருக்கி செத்தது.

பெயரைச் சொல்லாமல் விட்டிருந்தால் தப்பி ஓட ஒரு நிமிடம் கிடைத்திருக்கும். பெயரையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

அன்று யோங் பெங்கில் ஆள் ஏற்ற நின்ற லாரிகள் பாதி காலியாகப் போயின. அதன் பிறகு துப்பாக்கியைக் காட்டியே ஆள் பிடித்தார்கள். ஊரையே காப்பாற்றிவிட்டார் என்று நான் கதை கட்ட மாட்டேன், அவருக்கே அது பிடிக்காது. ஜப்பான்காரன் சரணடையும்வரை சிறையில் கிடந்தார். முன்பற்கள் நான்கை உடைத்து அனுப்பினார்கள். அதன் பிறகு தன் பெயரின் முதல் எழுத்தையே அவரால் காற்று இல்லாமல் சொல்ல முடியவில்லை. பிற்காலத்தில் சட்டமன்றத்தில் அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இன்று மலர்மாலை அனுப்பியிருக்கிறார்கள். மாலை நன்றாகத்தான் இருக்கிறது.

சண்டை முடிந்ததும் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். நேரே அண்ணி வீட்டு வாசலில் நின்று, "உங்க வீட்டுக்காரர அனுப்பினது நான்தான்" என்றார். அண்ணி கையில் இருந்த வாளித் தண்ணீரை அவர் மேல் ஊற்றினார். ஊற்றவில்லை என்று அண்ணி சொல்லட்டும் பார்ப்போம். "இருக்காரா, இல்லையா? அத மொதல்ல சொல்லுங்க" என்றார் அண்ணி. அவர் ஈரச் சட்டையோடு நின்று, "கேட்டுட்டு வர்றேன்" என்றார்.

அந்த ஒரு சொல்தான், தோழர்களே, அவரை அரசியலுக்கு இழுத்து வந்தது. வானொலியில் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் போய்ப் பெயர் எழுதினார். அதிகாரிகளிடம் போனால், இறந்தார் என்று பதிய சாட்சி எங்கே என்றார்கள். உயிரோடு இருக்கிறார் என்றால் ஆள் எங்கே என்றார்கள். எங்கள் பெண்கள் பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் வருஷக்கணக்கில் நின்றார்கள். மனுப்போட்டுச் சலித்த பிறகு ஒரு குமாஸ்தா சொன்னாராம், "இதையெல்லாம் சட்டமன்றத்துலதான் கேக்கணும் சார்" என்று. சரி, அங்கேயே போய்க் கேட்கிறேன் என்று ஐம்பத்தொன்பதில் தேர்தலுக்கு நின்றார். வேறு எந்த ஆசையும் அவரை அங்கே கொண்டுபோகவில்லை.

ஊரெல்லாம் சுவரொட்டி: ஜப்பான் ரேடியோக்காரனுக்கா உங்கள் ஓட்டு? யோங் பெங் சந்தையில் முதல் கூட்டம். எழுந்து சொன்னார்: "ஒட்டினவங்க பாதியத்தான் எழுதியிருக்காங்க. முழுசையும் நான் சொல்றேன்." அந்தச் சயாம் அறிவிப்பை, ஒரு சொல் விடாமல், மனப்பாடமாக வாசித்தார். கடைசியில் பெயரையும் சொன்னார். அப்போது கருப்பாயி அண்ணி மேடையேறினார். "நான் இவர மன்னிக்கல. ஆனா ஓட்டு இவருக்குத்தான். இவருக்கு வேலை பாக்கி இருக்கு, முடிக்கட்டும்" என்றார். ஜெயபாலன் தம்பி, அந்தத் தேர்தலில் நாம் ஜப்பான் காலத்தை மறைத்தா ஜெயித்தோம்?

கூட்டத்தொடர் தவறாமல் எழுந்து பெயர்களை வாசித்தார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. சாட்சி தேடினார், கண்டுபிடித்தார், ஒவ்வொன்றாகப் பதிய வைத்தார். இருநூற்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு ஒரு காகிதம் கிடைத்தது. திதி கொடுக்க ஒரு நாள் கிடைத்தது. போன மாதம் ஆஸ்பத்திரியில் என் கையில் ஒரு நோட்டுப்புத்தகத்தைக் கொடுத்தார். "காளி, இன்னும் நூத்துப் பதினாலு பேரு இருக்காங்க. மொதப் பேர மன்னிச்சுக்க" என்றார். முதல் பெயர் என் அண்ணன். இருபது வருஷத்துக்கும் மேலாகத் தேடியும் ஐயாசாமிக்கு ஒரு சாட்சி கிடைக்கவில்லை.

இதோ அந்தப் புத்தகம். அடுத்த மாதம் இந்தத் தொகுதியில் யார் வேண்டுமானாலும் நிற்கட்டும். எந்தக் கட்சியாகவும் இருக்கட்டும், நம் கட்சியாகவே இருக்கட்டும். ஓட்டுக் கேட்டு எங்கள் தோட்டத்துக்கு வருகிறவர் இந்த நூற்றுப் பதினாலு பெயரையும் நின்று வாசித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மறைக்கச் சொல்கிறவருக்கு எங்கள் வாசலில் வாளி தயாராக இருக்கிறது. இந்தப் பெயர்களைச் சட்டமன்றத்தில் வாசிக்க ஆள் வரும்வரை, சிகாமட் ரயில் நிலையத்தில், அந்தத் தூண் நின்ற இடத்தில், வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு நான் வாசிப்பேன். இது சபை அறியச் சொல்லும் வார்த்தை. இன்றைக்கே, இங்கேயே ஆரம்பிக்கிறேன்.

அண்ணி, நீங்க உக்காருங்க. நிக்க வேணாம். சரி, நில்லுங்க.

ஐயாசாமி, வயது இருபத்தாறு, சிகாமட். நாற்பத்து மூன்றில் சயாமுக்குப் போனார். கருப்பாயியின் கணவர். என்ன ஆனார் என்று இந்த அரசாங்கம் இன்னும் சொல்லவில்லை.

வாசித்தது காளியப்பன்.