குளத்தின் ஆழம் மாறிய வரைபடம்

காஞ்சிபுரம் வட்டம், திருப்புட்குழியில் மதில் இடிந்து மயில்வாகனம் என்பவர் இறந்த வழக்கில், 09.12.2025 பகல் 11 மணிக்கு காவல் நிலையத்தில் விசாரித்துப் பதிவு செய்தது.

என் பெயர் புவனேஸ்வரி, வயது 31, கணவர் பெயர் குமரன். பிள்ளையார்பாளையத்தில் குடியிருக்கிறேன். பொறியாளர் சிவராஜ் அலுவலகத்தில் ஏழு வருடமாக கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலை பார்க்கிறேன்.

2024 ஜூன் மாதம் திருப்புட்குழியில் பதினோரு ஏக்கர் வயலை மனைகளாகப் பிரிக்கும் வேலை எங்களிடம் வந்தது. வயல் குடிக்கிற மழைத்தண்ணீர், வீடும் ரோடும் வந்தபின் வெளியே ஓடும் என்பதால் அதைத் தேக்க ஒரு குளம் காட்ட வேண்டும். அப்படிக் கூடுதலாக ஓடிவருவது 1,800 கன மீட்டர் என்று சிவராஜ் சார் கணக்குப் போட்டார். நாற்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்று நான் வரைந்தேன். அந்த ஆழத்துக்குக் கீழே மழைக்காலத்தில் நிலத்தடி ஊற்றுத் தண்ணீர் நிற்கும் என்று மண் அறிக்கையில் இருந்தது. அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தவளும் நான்தான்.

அதன் பிறகு 22.06.2024 சனிக்கிழமை, மனை போடும் கம்பெனியின் சூப்பர்வைசர் மாணிக்கவேல் வந்து விளம்பர நோட்டீஸ் ஒன்று பிரிண்ட் எடுக்கக் கேட்டதால், என் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திங்கட்கிழமை திறந்தபோது குளம் முப்பதுக்கு இருபதாகச் சுருங்கி, ஆழம் மூன்று மீட்டர் ஆகியிருந்தது. மிச்சமான இடத்தில் நாலு மனை புதிதாக இருந்தது. பெருக்கிப் பார்த்தேன், அதே 1,800 வந்தது. ஆனால் கீழ்ப்பாதியில் ஊற்றுத் தண்ணீரே நிற்கும், மழைக்கு மிஞ்சுவது 900 தான்.

சார்தான் மாற்றியிருப்பார் என்று சந்தேகப்பட்டேன். அவர் வரைபடத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "கொள்ளளவு சரியா இருக்குதாமா?" என்றார். "இருக்குது சார்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு 04.12.2025 அன்று இரண்டு நாள் மழையில் குளம் நிரம்பி வழிந்து, தண்ணீர் மனைகளைச் சுற்றிக் கட்டிய மதிலில் முட்டி நின்று, பகல் பத்து மணிக்கு மதில் சாய்ந்தது. அந்தப் பக்கம் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த மயில்வாகனம் அடியில் சிக்கி இறந்தார். மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தில்லையம்மாள், நான் யார் என்று தெரியாமல் எனக்குச் சேர் போட்டு, "ஐப்பசியிலயே பாதிக் குளம் ரொம்பிக்கினு இருந்துதேமா, ஒருத்தரும் வந்து பாக்கலியே" என்றார். நான் உட்காரவில்லை.

அதன் பிறகு ஆபீசில் சாரிடம் கேட்டேன். "நீயும் மாணிக்கவேலும் பேசிக்கினு மாத்திட்டீங்கன்னு நெனச்சேன். கேட்டா அந்தக் கம்பெனி வேற ஆளாண்ட போயிடும்னு விட்டுட்டேன்" என்றார். "நீங்கதான்னு நான் நெனச்சேன் சார்" என்றேன். கம்ப்யூட்டரில் பார்த்ததில், வரைபடம் கடைசியாக மாறியது அந்தச் சனிக்கிழமை பகல் 1.40 மணி. அப்போது நான் மெஸ்ஸில் இருந்தேன். பாஸ்வேர்டு கொடுத்ததை வெளியே சொல்லாதே என்று சார் சொன்னார். அந்தக் கோப்பின் நகலை இன்று ஒப்படைத்திருக்கிறேன்.

வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அளவு மாறியதை "கவனிக்கத் தவறிவிட்டேன்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு "கவனித்தும் சொல்லவில்லை" என்று எழுதச் சொன்னேன். அப்படி எழுதினால் என் பெயரும் வழக்கில் சேரும் என்று எழுதியவர் சொன்னார். தெரியும் என்றேன். திருத்தினார்.

இதில் உள்ளவை நடந்தது நடந்தபடி, யாரும் வற்புறுத்தாமல் நானே சொன்னவை.

(ஒப்பம்) கு. புவனேஸ்வரி